மாமன் வராத முகூர்த்தம்

தேவ்லாலியிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைப் பவுன் தன் எருமைக்குத் தின்னக் கொடுத்ததைப் போன வாரம் பார்த்தோம். மறுநாளே அவள் கிர்க்கி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே கல்யாணத்துக்குச் சீர் வைக்கப் பட்டு வேட்டியும் பித்தளைத் தாம்பாளமும் வாங்கி வந்தாள். பவுனுக்கு மனசு இளகிவிட்டது என்று லைன் வீட்டுப் பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

இளகுவதாவது! பவுனின் மனசு இளகுவதற்குள் மூளா ஆறு மேற்கே திரும்பி ஓடிவிடும்.

அவளுக்கு நடந்தது சின்னக் காரியமில்லை. புருஷன் துரைசாமியின் அக்கா கன்னியம்மாள், தன் மகன் கலியனுக்குப் பவுனின் மகள் சுலோச்சனாவைக் கேட்டுப் பரிசம் போட்டிருந்தாள். வெற்றிலை மாற்றியாயிற்று, நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் தேவ்லாலியிலிருந்து ரயிலேறி வந்த கன்னியம்மாள், வீட்டுக்குள்கூட வராமல், குடமும் கையுமாக நின்ற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் குழாயடியில் நின்று சொன்னாள்:

"பால்ல தண்ணி கலக்கறவ பெத்த பொண்ணு என் வூட்டுக்கு வாணாம். அந்தக் கலப்படம் அவ ரத்தத்துலயே கீது."

பவுனின் பிழைப்பே பால்தான். கறந்ததைக் கறந்தபடி வாடிக்கை வீடுகளில் ஊற்றுகிறவள். சம்பந்தம் முறிந்ததையாவது பொறுத்திருப்பாள். பாலைச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே மாரியம்மன் கோயிலில் ஈரப் புடவையோடு போய் நின்றாள்.

"சொன்ன வாயே அதைத் திருப்பி வாங்கற வரைக்கும் பாலு, தயிரு, மோரு, நெய்யி ஒண்ணும் என் நாக்குல படாது. முட்டை, கறி, மீனும் கிடையாது. என் அடுப்புல யாருக்குமே கிடையாது, தாயே!"

சபதம் செய்தது அவள், அனுபவித்தது குடும்பம். பால்காரி வீட்டில் மூன்று வருஷமாகக் கறுப்புக் காப்பி.

இப்போது கலியனுக்கு மன்மாட்டில் பெண் எடுத்திருக்கிறார்கள். இவர்கள் சாதிசனத்தில் தாய்மாமன் வந்து மாப்பிள்ளை நெற்றியில் சரிகைப் பட்டம் கட்டிய பிறகுதான் மாப்பிள்ளை தாலியைத் தொடலாம். கலியனுக்கு இருப்பது ஒரே மாமன். அந்த மாமன் பவுன் கிழித்த கோட்டைத் தாண்டாத துரைசாமி.

"போவலன்னா பழி நம்ம மேல. போய்ச் சேரலன்னா பழி ரோட்டு மேல" என்று பவுன் தன் எருமையிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அந்தோணியின் வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. அவசரம் உள்ளவன் எவனும் கிர்க்கியில் அதில் ஏறமாட்டான். அந்த ஒரே தகுதிக்காகத்தான் பவுன் ரயிலை வேண்டாமென்று சொல்லி அந்தோணியைக் கூப்பிட்டிருந்தாள்.

முகூர்த்தம் சாயங்காலம், மாடு திரும்பும் நேரத்தில். மராத்திக்காரர்களைப் பார்த்து நம்மவர்களும் இந்தப் பக்கத்தில் அப்படி வைக்கப் பழகியிருந்தார்கள். விடிகாலையில் புறப்பட்டால் இந்த ஓட்டை வண்டிகூடப் பிற்பகல் மூன்று மணிக்குள் தேவ்லாலி போய்விடும். அதைப் போகவிடாமல் செய்ய வேண்டியதுதான் பவுனின் அன்றைய வேலை.

துரைசாமி முன்சீட்டில் உட்கார்ந்து, பட்டத்தை மஞ்சள் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின்னால் பவுனும் சுலோச்சனாவும், நடுவில் சீர்ச் சாமான்கள்.

"அம்மா, நேரா போயிடலாம்ல? நடுவுல எங்கயும் உஷீர் பண்ணக் கூடாது" என்றாள் சுலோ. பயிற்சிப் பள்ளியில் வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கிறாள். அவள் தமிழில் பாதி மராத்தி. லேட் என்பதற்குத் தமிழ் வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

"வயித்துக்குப் போட வாணாமா? விரதக்காரி நானு. கண்ட இடத்துல கண்டதைத் தின்ன முடியுமா?" என்றாள் பவுன்.

மகாராஷ்டிரம் தனி மாநிலமானதற்குக் கட்டிய மாவிலைத் தோரணம் சாகண் நாற்சந்தியில் இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அந்தோணி வண்டியை நிறுத்தினான்.

"அக்கா, ஒரு சாயா குடிச்சிட்டு வந்துடறேன்."

"பால் ஊத்துன சாயாவா?"

"சாயான்னா அப்படித்தானே அக்கா?"

"இந்த வண்டி திரும்பி கிர்க்கி வந்து சேர்ற வரைக்கும் இதுல ஏறுன யாருக்கும் பாலு கிடையாது. டிரைவரும் இதுலதான் கீறான்."

"நான் வேதக்காரன் அக்கா! உங்க மாரியாத்தாவுக்கும் எனக்கும் இன்னா?"

"அப்ப உன் மாதாவுக்காக வுட்டுடு."

பவுன் பாத்திரத்தைத் திறந்து கேழ்வரகுப் புட்டும் வெல்லமும் தேங்காய்த் துருவலும் பரிமாறினாள். சுக்குக் காப்பியும் இருந்தது. அதைக் குடித்தபோது அந்தோணிக்குக் கண்ணில் நீர் வந்தது. காரத்தினால் என்று சொல்லிக்கொண்டான்.

சாப்பிட்டு முடிந்ததும் பவுன் நேராக எதிரேயிருந்த வெங்காய மண்டிக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மலையாகக் குவிந்திருந்ததில் ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

"சீர்ல யாராவது காந்தா வெப்பாங்களாம்மா?" சுலோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க அத்தை கண்ணு கொஞ்சம் கலங்கட்டுமேடி."

புருஷன் இப்போது கத்துவார் என்று பவுன் எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பிக் கத்தலாம்; சண்டையிலும் நேரம் போகும். ஆனால் துரைசாமி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நல்லதாப் பாத்து எடு பவுனு. அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.

இந்த மனுஷனுக்குச் சுரணையே கிடையாதா என்று பவுன் நினைத்தாள். அக்காவின் ஒரே பிள்ளைக்குக் கல்யாணம், இவருக்கு அவசரமில்லையாம்!

நாராயண்காவ் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ரோட்டோரம் தமாஷாக் கூத்துக்காரர்களின் கூடாரங்கள் வரிசையாக நின்றன. ஊர்த் திருவிழாவுக்கு ஆட்டம் பேசி முடிக்க நாலா பக்கமிருந்தும் கிராமத் தலைவர்களான பாட்டீல்கள் வந்து உட்கார்ந்து பேரம் பேசும் இடம் அது. சீசன் முடிகிற நேரமாதலால் பாதிக் கூடாரம் காலி. ஆட்டக்காரிகள் ஒன்பது கஜப் புடவைகளை வேலியில் காயப்போட்டுவிட்டு, சலங்கையை அவிழ்த்து வைத்துப் பல்லாங்குழி போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு கீற்றுக்கொட்டகைச் சாப்பாட்டுக் கடை. பவுன் கடைக்காரியின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த மராத்தி முழுவதும் பால் விற்ற மராத்தி.

"தூத் நகோ. தஹி நகோ. தூப் நகோ. அண்டா நகோ. மட்டன் நகோ." பாலிலிருந்து கறி வரை எதுவும் வேண்டாமாம்.

கடைக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். "மக காய், நுஸ்தி ஹவா காணார் கா?"

"என்னடி சொல்றா?"

"அப்போ வெறும் காத்தைச் சாப்பிடப் போறீங்களான்னு கேக்கறா" என்றாள் சுலோ. அந்தோணி சிரிப்பை அடக்க வண்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

பவுன் விடவில்லை. நெய் பட்ட சட்டி வேண்டாமென்று வேறு சட்டி வாங்கித் தானே கழுவினாள். கடலைமாவை நல்லெண்ணெயில் பச்சைமிளகாய் போட்டுக் கிளறச் சொன்னாள். கம்பு ரொட்டியில் நெய் தடவுகிற கையையே பிடித்து நிறுத்தினாள். கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, வேர்க்கடலை இடித்துப் போட்டுப் பிசைந்து, இலையில் வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாப்பாடு என்னவோ அமிர்தமாக இருந்தது. கோபக்காரி கைக்கு ருசி அதிகம் என்று நம் பக்கத்தில் சொல்வது பொய்யில்லை.

"சாப்ட்டாச்சு, கிளம்பலாம்" என்று சுலோ எழுந்தாள்.

"இம்மாந்தூரம் வந்துட்டு ஆட்டம் பாக்காம போறதா?" என்று கேட்டது பவுன் இல்லை, துரைசாமி!

அம்மாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலுக்குப் போனாலே கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கிறவர் அவர். இப்போது கூடாரத்து ஆட்களிடம் போய், ஒத்திகை நடந்தால் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டோலக் சத்தம் கேட்டது. உள்ளே போய் உட்கார்ந்தும் விட்டார். தான் செய்ய வேண்டிய வேலையை இன்னொருவர் செய்து முடிப்பது பவுனுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசில் ஏதோ ஒன்று இடறியது.

அடுத்த நிறுத்தம் ஆளே என்ற ஊர். பெரிய ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். அங்கே ஒரு எருமைக் கடாவுக்குச் சமாதிக் கோயில் இருக்கிறது. ஆளந்தி என்ற ஊரின் மகான் சின்ன வயதில் அதன் தலையில் கை வைத்து வேதம் சொல்ல வைத்தாராம். அது செத்த இடத்தில் கோயில் கட்டிப் பூஜை செய்கிறார்கள். எருமையால் சோறு தின்கிறவள் அதைத் தாண்டிப் போகலாமா? போகக் கூடாது என்று பவுன் சொல்லிவிட்டாள்.

தேங்காய் உடைத்தாள். பிரகாரத்தை நிதானமாகச் சுற்றினாள். உண்மையிலேயே அவளுக்கு மனசு உருகியது. சந்நிதியில் நின்று உரக்கவே வேண்டிக்கொண்டாள்.

"சாமி, வாயில்லாத ஜீவன் நீயே வேதம் சொன்னே. என் வூட்லயும் ஒரு ஜீவன் கீது. அவங்க அக்கா என்னைக் குழாயடியில நிக்க வெச்சிப் பேசினப்போ அது வாயே திறக்கல. இன்னிக்கி அவ பந்தல்ல நிக்கறப்பவாவது அதுக்கு ஒரு வார்த்தை வரட்டும்."

துரைசாமி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சந்தனாபுரிக் கணவாயில் ஏறும்போது வேனின் மூக்கிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. அந்தோணி ஓரங்கட்டிவிட்டு, "நல்ல வேளை, பின்னால தண்ணி டின்னு கீது" என்று மூடியைத் திறக்கப் போனான்.

பவுன் அவனுக்கு முன்னால் இறங்கிவிட்டாள். டின்னைக் கையில் எடுத்தாள். கால் கழுவுவது போலக் குனிந்தவள், பாதிக்கு மேல் பாறை இடுக்கில் சரித்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது எதிரே சுலோ நின்றாள்.

"கை தவறிடுச்சி" என்றாள் பவுன்.

"நீ கை தவறி ஒரு சொட்டுப் பாலைக் கூட இதுவரைக்கும் சிந்துனதில்லம்மா." சுலோ விரல் விட்டு எண்ணினாள். "காந்தா, எருமைக் கோயிலு, இப்ப தண்ணி. முகூர்த்தம் போகட்டும்னுதானே இத்தனையும்?"

பவுன் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கமில்லாதவள்.

"ஆமா! போகட்டும். பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, மாமன் வரலன்னு அவ நிக்கணும். நாலு பேரு அவ மூஞ்சிய அப்பப் பாக்கணும். நான் நின்னேன்டி, குடமும் கையுமா. அன்னிலேருந்து பால் ஊத்தறப்ப ஒவ்வொருத்தியும் சொம்புக்குள்ள எட்டிப் பாக்கறா. அது எனக்குத்தானே தெரியும்?"

"அந்த மன்மாட் பொண்ணு இன்னா பண்ணுச்சி? மணையில உக்காந்து ரஸ்தா பாத்துக்கினு இருக்குமே!"

"உனக்கு இன்னாடி அவ்ளோ கரிசனம்? உன்னை வாணாம்னு சொன்ன வூட்டு மேல?"

சுலோ ரோட்டுக்கு ஓடினாள். கணவாயில் ஏறி வந்த ஒரு லாரியைக் குறுக்கே போய் நின்று நிறுத்தினாள். ஓட்டுநரிடம் மராத்தியில் படபடவென்று பேசினாள். அவன் தலையாட்டி இரண்டு வாளித் தண்ணீர் கொடுத்தான். அவளே சுமந்து வந்து அந்தோணியிடம் நீட்டினாள். புடவை முந்தானை முழுக்க நனைந்துவிட்டது.

பெண் இன்னும் கலியனை மறக்கவில்லை என்று பவுன் முடிவு கட்டினாள். தனக்குக் கிடைக்காதவன் நல்லபடியாக வாழட்டும் என்று ஓடுகிறாள், பைத்தியக்காரி! அடுத்த நொடியே கன்னியம்மாள் மேலிருந்த கோபம் இரண்டு மடங்கானது.

அதனால் சங்கம்நேரில் கரும்புச்சாறு குடித்தே தீர வேண்டுமென்றாள். செக்கு மாதிரி மாடு சுற்றிச் சுற்றி வந்து பிழியும் ஆலை. "மாடு பிழிஞ்ச சாறு விரதத்துல சேருமா அக்கா?" என்று அந்தோணி கேட்டான். பவுன் முறைத்த முறைப்பில் இரண்டாவது டம்ளர் கேட்கவில்லை.

தேவ்லாலி பந்தலில் வேன் போய் நின்றபோது மாடெல்லாம் திரும்பித் தொழுவம் சேர்ந்து வெகு நேரமாகியிருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்குப் பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, மன்மாட் ரயில்வேக்காரர், வாசலில் நின்று யாரிடமோ உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

பவுன் நினைத்ததெல்லாம் அப்படியே நடந்திருந்தது. நெஞ்சு குளிர்ந்தது. அவசரப்படாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சீர்த் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி இறங்கினாள்.

கன்னியம்மாள் ஓடி வந்தாள். பட்டுப்புடவை கசங்கி, வேர்வையில் பொட்டு கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. "வந்துட்டியாடா துரை! உயிரே போச்சுடா எனக்கு. போட்ட முகூர்த்தம் தவறிடுச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு நல்ல வேளை கீதுன்னு அய்யரு சொல்றாரு. அதையும் வுட்டா பொண்ணைக் கூட்டிக்கினு போயிடுவோம்னு நிக்கறாங்க. ஏறுடா மேல."

துரைசாமி ஒரு அடி வைத்தார். பவுன் தாம்பாளத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

"சீரு இல்லாம மாமன் மேடை ஏறக் கூடாது அண்ணி. சீரு என் கையில கீது."

அண்ணி என்ற சொல் அவள் வாயில் அரிவாள் மாதிரி இருந்தது. பந்திக்கு இலை போட்டவர்கள்கூடக் கையில் இலையோடு பார்த்தார்கள்.

"பவுனு, சண்டைக்கு இதா நேரம்?"

"எனக்கு மட்டும் குழாயடியில நேரம் பாத்தா சொன்னே? அன்னிக்கிச் சொன்னதை இன்னிக்கி இத்தினி பேரு முன்னால திருப்பி வாங்கு. வாங்கினா தாம்பாளம் மேடை ஏறும். இல்லன்னா வந்த வழியே வண்டி ஏறும்."

"பவுனு, வேணாம்" என்றார் துரைசாமி. "வேணாம் பவுனு, சொன்னாக் கேளு."

கன்னியம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

"நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமாடா துரை?"

அவர் வாயைத் திறக்கவில்லை.

"சரி. நானே சொல்றேன்." கன்னியம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நான் சொன்னது பொய்யி. இவ பால்ல ஒரு நாளும் தண்ணி கலந்ததில்ல. இவ பொண்ணு ரத்தத்துலயும் ஒரு குத்தமும் இல்ல. போதுமா பவுனு? திருப்பி வாங்கிட்டேன்." தம்பியின் பக்கம் கை நீட்டினாள். "இப்ப நீ கேட்டுக்கோ. சம்பந்தம் வாணாம்னு என்னைச் சொல்லச் சொன்னது தோ நிக்கறானே, உன் புருஷன். தேவ்லாலிக்கு வந்து என் கால்ல வுழுந்தான். பவுனுகிட்ட என்னால சொல்ல முடியாது, நீயே முறிச்சுடுக்கான்னு அழுதான். தம்பியாச்சேன்னு பழியை நான் வாங்கிக்கினேன். நீ விட்ட சாபத்தையெல்லாம் மூணு வருஷமா நான் தின்னுக்கினு கீறேன்."

பவுனின் விரதம் அந்த நொடியே முடிந்திருந்தது. அது அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

"எதுக்கு?" என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"எனக்காகத்தான்மா."

சுலோ வண்டிப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். "எனக்குக் கல்யாணம் வாணாம், படிக்கணும்னு நைனாகிட்ட அழுதேன். நைனாதான் அத்தைகிட்ட போனாரு. பாலைப் பத்தி அத்தை இப்படிச் சொல்லுவாங்கன்னு சத்தியமாத் தெரியாது, ஷப்பத். அப்புறம் நீ சபதம் போட்டுட்டே. எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி? நான் உன்னைப் பெத்தவ."

"உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சிம்மா."

குழாயடியில் கேட்ட சொல் மூன்று வருஷம் வலித்தது. இது அதைவிட ஆழமாக இறங்கியது. பெற்ற பெண்ணுக்குப் பயம், கட்டியவனுக்குப் பயம். வழியில் அவர் அவசரமில்லை என்றதும் ஆட்டம் பார்க்க உட்கார்ந்ததும் இதற்குத்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஊர் முழுக்க ஒரு வழி சுற்றிப் போனார்களே தவிர, அவள் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எருமை மாட்டுக்குத் தெரிகிற அளவுகூட அவளைத் தெரியவில்லையா இவர்களுக்கு?

மேடையில் மன்மாட் பெண் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பதினெட்டுகூட ஆகியிருக்காது. பக்கத்தில் கலியன், வெறும் நெற்றியோடு.

பவுன் தாம்பாளத்தைத் துரைசாமியின் கையில் வைத்து அழுத்தினாள்.

"ஏறுய்யா மேல. அந்தக் கொழந்தை எம்மா நேரம் உக்காந்திருக்கும்? போய்ப் பட்டத்தைக் கட்டு."

கட்டினார். சரிகை முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. மூன்றாவது தரம் நின்றது. பேண்டுக்காரர்கள் விட்டதைப் பிடிப்பது போல வெளுத்து வாங்கினார்கள். தாலி ஏறியது. ரயில்வேக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பவுன் பந்தல் மூலையில் பாயில் போய் உட்கார்ந்தாள். சுலோ கொண்டு வந்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள். பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. "போ, அப்பால பேசிக்கலாம்" என்றாள். அப்பால என்பது எப்போது என்று கேட்கச் சுலோவுக்குத் தைரியமில்லை.

கொஞ்ச நேரத்தில் கன்னியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"கோவம் போச்சா?"

"போவல. முறிக்கச் சொன்னது அவரு. பால்ல தண்ணின்னது உன் சொந்தச் சரக்கு."

"காரணம்னு ஒண்ணு வேணுமில்ல? வாயில வந்ததைச் சொல்லிட்டேன்டி."

"அதை உன்கிட்ட தனியா வெச்சிக்கறேன். முதல்ல வேற வேலை கீது." பவுன் மேடையைப் பார்த்தாள். துரைசாமி மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிற சாக்கில் இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நாலு நாளைக்குக் கிர்க்கி வந்து என் கூட இருக்கறியா?"

"வரேன். ஆனா எதுக்கு?"

"அந்த மனுஷன் தினமும் நம்ம ரெண்டு பேரு மூஞ்சிக்கும் நடுவுல உக்காந்து சோறு தின்னணும்."

கன்னியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். பவுனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடையிலிருந்து துரைசாமி அந்தக் காட்சியைப் பார்த்தார். சந்தனக் கிண்ணம் கையில் இருக்க, பூசுவதை மறந்து நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பவுனு, அவன் உன்கிட்ட மறைச்சது இது ஒண்ணுதான்னா நெனச்சிக்கினு கீறே?"

பவுன் பாயை இழுத்து அவளுக்கு இன்னும் கிட்டே போட்டுக்கொண்டாள்.

"சொல்லு அண்ணி" என்றாள்.